இடது பக்க விசிலுக்கு ஒரு தேதி வேண்டி

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற சுமைதூக்கும் தொழிலாளி
(பேருந்து நிலையத்தில் ‘மூட்டைக்காரர்’ என்று கேட்டால் தெரியும்),
பச்சைக் கதவு வீடு,
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம்.

பெறுநர்:
தலைமைக் கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசுப் பொது மருத்துவமனை,
முதல் மாடி.

பொருள்: என் மருமகளின் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்தும், குழாய் அறையில் மறுத்துத் திருப்பி அனுப்புவது குறித்து. (இந்தப் பொருள் மனுவின் நடுவில் மாறும். அடித்துவிட்டு எழுத மனம் வரவில்லை. காரணம் உள்ளே இருக்கிறது.)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. இந்த மனுவை நானே என் கையால் எழுதுகிறேன். இதற்கு முன் என் பெயரில் போன மனுக்களை எல்லாம் அலுவலக வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் மனு எழுதுபவர்தான் எழுதினார். நல்ல மனிதர். ஆனால் தெருவிளக்கு எரியவில்லை என்று நான் சொன்னாலும் ‘கண்ணீரும் கம்பலையுமாக’ என்றுதான் தொடங்குவார். ஒருமுறை சாக்கடை அடைப்பைப் பற்றி எழுதச் சொன்னேன். எழுதி முடித்துப் படித்துக் காட்டியபோது நான் குடும்பத்தோடு பட்டினி கிடந்துகொண்டிருந்தேன். உண்மையில் அன்று வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். போன வருடம் மாலை வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஆகவே இந்த மனுவில் பட்டினி கிடையாது. நடந்தது நடந்தபடி இருக்கும். எனக்கு ஒரு பத்தி எழுத ஒரு பொழுது ஆகிறது. அதுவும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஐயா அவர்கள் வேகமாகவே படித்துக்கொள்ளலாம்.

2. என் மருமகள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதமாக வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்பவள். நான் மூட்டை தூக்கிய காலத்தில் வண்டியின் பெயர்ப்பலகை எனக்கு வெறும் கோலம். வண்டியின் நிறத்தையும் ஓட்டுநரின் மீசையையும் வைத்துத்தான் வண்டியைக் கண்டுபிடிப்பேன். ஓட்டுநர் மீசையை எடுத்துவிட்டு வந்தால் அன்று என் பாடு திண்டாட்டம். இவள் வேலைக்கு வந்த பிறகுதான் அந்தக் கஷ்டம் தீர்ந்தது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் வந்து உட்காரும். இந்தக் குரலுக்கு உரியவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று பயணச்சீட்டு கொடுக்கும் இடத்தில் விசாரித்து, ஆளைப் பார்ப்பதற்கு முன்பே என் மகனுக்குப் பெண் கேட்டவன் நான். மகன் ஒரு தொழிற்சாலை உணவகத்தில் சமையல்காரன். அவனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் சோறு ஆறிவிடும். வீட்டில் ஒருவராவது புரியும்படி பேசட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வீண்போகவில்லை.

3. மழைக்காலத்தில் மருமகளுக்கு இருமல் தொடங்கியது. சளி வராத, குரைப்பது போன்ற இருமல். பிறகு ஒலிபெருக்கியில் ஒரு விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ‘நடைமேடை நான்கில்’ என்பாள், ஒரு கீச்சு. ‘புறப்படத் தயாராக’ என்பாள், இன்னொரு கீச்சு. நிலைய மேலாளர் மின்பழுது பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டார். தம்பி மைக்கை மாற்றினார். விசில் போகவில்லை. ஒயரை மாற்றினார். போகவில்லை. கம்பத்தில் ஏறி, ஒலிபெருக்கிக்குப் பின்னால் இருந்த குருவிக் கூட்டை அலுங்காமல் எடுத்து அடுத்த கம்பத்துக்கு இடம் மாற்றினார். அப்போதும் போகவில்லை. கடைசியில் அவரே மைக்கில் ‘ஹலோ’ சொன்னார், விசில் இல்லை. மருமகளைச் சொல்லச் சொன்னார்; விசில் வந்தது. “அக்கா, மைக் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் ரிப்பேர்” என்றாராம். மருமகளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, மைக்கை அணைக்காததால் அந்த இருமல் முழுவதையும் நிலையமே கேட்டிருக்கிறது. எல்லா வண்டிகளும் அப்படியே நின்றுவிட்டன என்று தம்பி சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் விசாரித்தேன். ஒரு வண்டிதான் நின்றது.

4. அன்றைக்கே அவளைத் தங்கள் மருத்துவமனைக்குக் கூட்டி வந்தோம். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். படம் சுத்தம். ஆஸ்துமாவாக இருக்கும் என்று வாயில் அடித்துக்கொள்ளும் மருந்து கொடுத்தார்கள். எதற்கும் சளியைச் சோதித்துப் பார்ப்போம் என்று மூடி போட்ட இரண்டு சின்ன டப்பாக்களும் கொடுத்தார்கள். அடுத்தடுத்த காலைகளில் அந்த டப்பாக்களை வீட்டிலிருந்து ஆய்வகத்துக்குக் கொண்டு வந்து சேர்த்தவன் நான்தான். என் வாழ்நாளில் நான் சுமந்த சரக்குகளிலேயே இலேசானது அது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். சளியில் கிருமி இல்லை, காசநோய் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். என் மனைவி கொஞ்சம் கூடுதலாகவே சந்தோஷப்பட்டாள். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

5. வாயில் அடிக்கும் மருந்தை மருமகள் வேளை தவறாமல் அடித்துக்கொண்டாள். மருந்துதான் தீர்ந்தது, விசில் தீரவில்லை. மாலை வகுப்பில் எனக்குப் புரியாததை வீட்டில் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். முன்பெல்லாம் செய்தித்தாளில் ஒரு பெரிய வாக்கியத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டு, இப்போது நீங்கள் படியுங்கள் மாமா என்று என்னிடம் தள்ளுவாள். பிறகு பாதி வாக்கியத்தில் நின்றாள். பிறகு கால் வாக்கியத்தில். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதும் அவள் மூச்சு வாங்கிப் படிப்பதும் ஏறக்குறைய ஒரே வேகத்துக்கு வந்துவிட்டன. எங்கள் இருவரில் யார் மாணவர் என்று மகன் கேட்டான். அந்த மாதம் அவன் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

6. மறுபடி வந்தபோது, வாரத்தில் ஒரு நாள் மட்டும் வருகிற நெஞ்சு டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். அவர் முதுகில் கருவியை வைத்து வலது பக்கம் கேட்டார். இடது பக்கம் கேட்டார். மறுபடியும் வலது, மறுபடியும் இடது. வெளியே வரிசை முணுமுணுத்தது; அவர் கண்டுகொள்ளவில்லை. பிறகு சொன்னார்: “விசில் இடது பக்கம் மட்டும்தான் வருது. ஆஸ்துமான்னா ரெண்டு பக்கமும் பாடணும்.” ஆஸ்துமா மருந்துக்கு ஒரு துளிகூட அடங்காததும் அவருக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. காசநோய் எப்போதும் நுரையீரலுக்குள்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, காற்று போய்வருகிற குழாயின் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும், அப்படிப்பட்டவர்களுக்குப் படம் சுத்தமாக இருக்கலாம், சளியிலும் கிருமி தெரியாமல் போகலாம் என்று எங்களுக்குப் புரியும்படி சொன்னார். உள்ளே குழாய்க் கேமரா விட்டு நேரில் பார்த்து, கொஞ்சம் கிள்ளி எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகத் தெரியும். தாமதித்தால் புண் ஆறும்போது வழி சுருங்கி அடைத்துக்கொள்ளும், அதன்பின் அந்தப் பக்கத்து நுரையீரல் காற்றில்லாமல் கிடக்கும் என்றும் சொன்னார். சீட்டு எழுதிக் கொடுத்தார்.

7. இனிதான் என் புகார். குழாய் அறையில் ஓர் எழுத்தர் இருக்கிறார். மிகவும் மரியாதையானவர். எழுந்து நின்று இரண்டு கைகளாலும் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். சளியில் கிருமி இல்லை என்று இருப்பதால் காசநோய்ப் பிரிவிலிருந்து ஒப்புதல் வேண்டும் என்றார். காசநோய்ப் பிரிவில், கிருமி இல்லாதவர் எங்கள் நோயாளியே அல்ல, ஆஸ்துமா பிரிவுக்குப் போங்கள் என்றார்கள். ஆஸ்துமா பிரிவில், குழாய் விட்டுப் பார்க்க அனுப்பும் அதிகாரம் எங்களுக்கு இல்லை, காசநோய்ப் பிரிவைக் கேளுங்கள் என்றார்கள். டாக்டரம்மாவோ அடுத்த வாரம்தான் வருவார். அடுத்த வாரம் வந்து அவரே நேரில் பேசினார்; விதி அப்படித்தான் இருக்கிறது என்று அவருக்கும் எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னார்கள். ஐயா, கிருமி வெளியே தெரியாததால்தானே உள்ளே பார்க்கச் சொல்கிறோம்? திருடன் வாசலுக்கு வந்து கையைக் காட்டினால்தான் வீட்டுக்குள் தேடுவோம் என்றால், அவன் ஏன் வெளியே வரப்போகிறான்? உள்ளே சௌகரியமாக இருப்பான். ஆகவே குழாய் அறையில் என் மருமகளை உடனே ஏற்றுக்கொள்ளும்படி ஆணையிட வேண்டும் என்று கேட்டு இந்தப் பத்தியோடு மனுவை முடிக்கிறேன்.

8. முடிக்க முடியவில்லை. காரணம் என் மனைவி. எழுதியவரை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் விரல் வைத்துப் படிப்பதைக் கேட்பதில் அவளுக்கு ஒரு பெருமை. காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். நான்காம் பத்தியில் ‘சளியில் கிருமி இல்லை’ என்ற இடம் வந்ததும் எழுந்து போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தாள். நான் விடாமல் குரலை உயர்த்திப் படித்தேன். ஏழாம் பத்தி முடிந்ததும் ஈரக்கையோடு வந்து நின்றாள்.

“அது அவளோடது இல்லைங்க. என்னோடது” என்றாள்.

எது என்று கேட்டேன்.

“சளி” என்றாள்.

9. நடந்தது இதுதான். டப்பா கொடுத்த மறுநாள் காலை மருமகள் இருமி இருமிப் பார்த்திருக்கிறாள். கொஞ்சம் எச்சிலும் விசிலும் வந்தனவே தவிர வேறொன்றும் வரவில்லை. முதல் வண்டிக்கு அறிவிப்புச் சொல்லப் போக வேண்டும். முகம் வாடி, டப்பாவைக் குளியலறை மாடத்தில் வைத்துவிட்டு ஓடிவிட்டாள். என் மனைவிக்குக் காலையில் எழுந்ததும் இருமல் வரும். எங்கள் தெருவில் பல வீடுகளில் அதைக் கேட்டுத்தான் அடுப்பு மூட்டுகிறார்கள். பிள்ளைக்கு வரவில்லை, நமக்கு வருகிறது, ஒரு வீட்டில் ஒருவருக்கு இல்லாததை இன்னொருவர் கொடுப்பதில் என்ன தப்பு என்று நினைத்து நிரப்பிவிட்டாள். மறுநாளும் அப்படியே. ஏன் டப்பா வழிய வழிய இருந்தது என்று நான் கேட்டதற்கு, “பெரிய டாக்டருங்க பாக்குற சாமான், கொஞ்சமா குடுத்தா மரியாதையா இருக்குமா?” என்றாள். மருமகளிடம் நான் பார்த்துக்கொண்டேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். தான் வைத்த எச்சிலே போதும் போலிருக்கிறது என்று அவளும் நினைத்துக்கொண்டாள். கிருமி இல்லை என்று வந்ததும் என் மனைவி கூடுதலாகச் சந்தோஷப்பட்ட காரணம் இப்போது விளங்கியது. இரண்டு பேருக்குமாகச் சேர்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

10. சாயங்காலம் மருமகள் வேலையிலிருந்து வந்ததும் சொன்னோம். “அத்தை, உப்பு குடுக்குற மாதிரி சளியுமா குடுப்பீங்க?” என்று கேட்டுச் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு திரும்பியதும் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: “அப்போ எனக்கு ஒண்ணுமில்லைன்னு இதுவரைக்கும் யாருமே சொல்லல. அப்படித்தானே மாமா?”

என் மனைவி அன்று சாப்பிடவில்லை. (மனு எழுதுபவராக இருந்தால் இங்கே எங்கள் எல்லோரையும் பட்டினி போட்டிருப்பார். உண்மையில் அவள் ஒருத்திதான்.)

11. மறுநாள் ஆய்வகம் திறக்கும்போதே நாங்கள் மூவரும் போய் நின்றோம். என் மனைவியே சொன்னாள். ஆய்வகத்தில் இருக்கும் தம்பி, டப்பாவில் வெறும் எச்சிலைப் பார்த்திருக்கிறேன், தேநீரைக்கூடப் பார்த்திருக்கிறேன், மாமியாரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு நன்றாகத் திட்டினார். நோய் உள்ளவரை நோயில்லை என்று வீட்டுக்கு அனுப்பும் காரியம் இது என்றார். திட்டு எங்களுக்கு வேண்டியதுதான். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். கடைசியில் அவர், உங்கள் சளி சுத்தமாக இருக்கிறது அம்மா என்றார். அவள் தலையை நிமிர்த்திக்கொண்டாள். அதிலிருந்து தெருவில் அந்த இருமலுக்கு ஒரு கம்பீரம் வந்திருக்கிறது.

12. தம்பி பழைய முடிவை ரத்து செய்தார். மருமகளை உப்புநீர் ஆவி பிடிக்க வைத்து, அங்கேயே சளி எடுக்கப் பார்த்தார். அப்போதும் வரவில்லை. ‘சளி வரவில்லை’ என்று எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு குழாய் அறைக்குப் போனோம். எழுத்தர் எழுந்து நின்று வாங்கிப் படித்தார். சளியே வராதவர்களுக்குக் குழாய் விட்டுத் தண்ணீர் செலுத்தி எடுத்துச் சோதிக்க விதி இருக்கிறதாம். அந்த வாரத்திலேயே நாள் கொடுத்துவிட்டு, “இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே ஐயா” என்றார்.

எனக்கு நியாயமாக ஒரு சந்தேகம் வந்தது. என் மனைவி தப்பு செய்ததால் என் மருமகளுக்குக் கதவு திறந்தது. மருமகளுக்கு நிஜமாகவே சளி வந்து, அதில் கிருமி தெரியாமல் போயிருந்தால் இன்னும் மூன்று பிரிவுகளையும் சுற்றிக்கொண்டிருப்போம். அப்படியானால், தப்பு செய்யாத மாமியார் வாய்த்தவர்களுக்கு என்ன வழி? ஐயா அவர்கள் யோசிக்க வேண்டும்.

13. பரிசோதனை நடந்தது. என்னை உள்ளே விடவில்லை. தொண்டைக்கு மரத்துப்போகும் மருந்து அடித்ததும் நாக்கு யாரிடமோ வாங்கி வந்தது போல் இருந்தது என்றும், சுண்டுவிரலைவிட மெல்லிய கறுப்புக் குழாய் மூக்கு வழியாகப் போனது என்றும் மருமகள் பிறகு சொன்னாள். டாக்டரம்மா கணினியில் எங்களுக்குப் படங்களைக் காட்டினார். வலது பக்கத்து வழி கழுவி விட்ட தரை போல இளஞ்சிவப்பாக, வழவழவென்று இருந்தது. இடது பக்கத்து வழி வீங்கிச் சிவந்து, வெள்ளை வெள்ளையாகத் தயிர்க் கட்டி போல ஏதோ படிந்து, நடுவில் ஒரு சின்னச் சந்து மட்டும் மிச்சம் இருந்தது. ஆள் நடக்கிற சந்தில் யாரோ இரண்டு பக்கமும் மூட்டையை இறக்கி வைத்தது போல. அந்தச் சந்தில் நுழைந்து வந்த காற்றுதான் பேருந்து நிலையம் முழுக்க விசில் அடித்திருக்கிறது. கழுவி எடுத்த தண்ணீரில் காசநோய்க் கிருமி இருந்தது. கிள்ளி எடுத்த துணுக்கும் அதையே சொன்னது.

14. மாத்திரை தொடங்கிவிட்டார்கள். அரை வருடமாவது விடாமல் சாப்பிட வேண்டும். தினமும் நான் எடுத்துக் கொடுக்கிறேன் என்று என் மகன் தானாக வாய் திறந்து சொன்னான், கொடுத்தும் வருகிறான். வீட்டில் எங்கள் மூவரையும் சோதித்துப் பார்த்தார்கள், யாருக்கும் இல்லை. டாக்டரம்மா சொன்னபடி முதல் சில வாரங்கள் மருமகள் முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தாள். அவள் இடத்தில் மின்பழுது பார்க்கும் தம்பி அறிவிப்புச் சொன்னார். அவர் குரலில் எல்லா வண்டிகளும் கோபித்துக்கொண்டு புறப்படுவது போல் இருந்தது. இப்போது அவளால் யாருக்கும் தொற்றாது, வேலைக்குப் போகலாம் என்று அனுமதி கிடைத்துப் போய்வருகிறாள். இருமல் நன்றாகக் குறைந்துவிட்டது. உடம்பும் தேறியிருக்கிறது.

15. ஐயா அவர்கள், எல்லாம் சுபமாக முடிந்துவிட்டதே, இந்த மனு எதற்கு என்று கேட்கலாம். இங்கேதான் பொருள் மாறுகிறது.

இருமல் குறைந்தும் விசில் முழுதாகப் போகவில்லை. டாக்டரம்மா மறுபடி முதுகில் வைத்துக் கேட்டார். இடது பக்கம் இன்னும் மெல்லியதாகக் கேட்கிறது என்றார். மாத்திரை கிருமியைக் கொன்றுவிடும், ஆனால் புண் ஆறும்போது தழும்பு இழுத்து வழி சுருங்குகிறதா என்பது மாத்திரைக்குத் தெரியாது, ஆகவே இன்னொரு முறை குழாய் விட்டுப் பார்த்தாக வேண்டும் என்றார். சுருங்கியிருந்தால் உள்ளேயே ஒரு சின்ன பலூனை ஊதி வழியை அகலப்படுத்தலாமாம். முழுக்க அடைத்த பிறகு போனால் அதுவும் கடினமாம். சீட்டு எழுதிக் கொடுத்தார். குழாய் அறைக்குப் போனோம்.

எழுத்தர் எழுந்து நின்று படித்தார். பிறகு சொன்னார்: “குழாய் விடுறது நோய் இருக்கான்னு பாக்கத்தானே? அதான் இருக்குன்னு தெரிஞ்சுடுச்சே ஐயா.”

இரண்டு கைகளாலும் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதாவது, நோய் தெரியாதபோது நோய் இல்லை என்று மறுத்தார்கள். இப்போது நோய் தெரிந்துவிட்டது என்று மறுக்கிறார்கள். இந்த முறை எங்களிடம் ரத்து செய்ய எதுவும் இல்லை. என் மனைவி நான் ஏதாவது செய்யட்டுமா என்று கேட்டாள். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

16. மேலே எழுதியது பழையதாகிவிட்டதே, புதிதாக ஒரு மனு எழுதுங்கள் என்று மருமகள் சொன்னாள். இதை எழுதி முடிக்க எனக்குக் குளிர்காலம் முழுதும் ஆகியிருக்கிறது. இன்னொன்று எழுதி முடிப்பதற்குள் அவளுடைய இடது வழி மூடிக்கொண்டுவிட்டால் நான் யாருக்கு மனு எழுதுவேன்? ஆகவே எழுதியதை எழுதியபடி தருகிறேன்.

17. நான் கேட்பவை:

முதலாவது, முக்கியமானது. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டின்படி, வழி அடைவதற்கு முன், என் மருமகளுக்குக் குழாய் அறையில் ஒரு நாள் கொடுக்க வேண்டும். மற்றவை தாமதமானாலும் இது தாமதமாகக் கூடாது.

அடுத்து, ஒரு பக்கம் மட்டும் விசில் கேட்கிறது, இருமல் நிற்கவில்லை, ஆஸ்துமா மருந்துக்கு அடங்கவில்லை என்று மருத்துவர் எழுதினால், படம் சுத்தம், சளி சுத்தம் என்று திருப்பி அனுப்பாமல் உள்ளே பார்க்க வேண்டும். நோய் தெரிந்த பிறகும், வழி எப்படி இருக்கிறது என்று மறுபடி பார்க்க விட வேண்டும். சொன்ன மருத்துவரின் காதுக்கு ஒரு மதிப்பு வேண்டும் ஐயா. முதல் விசிலைக் கேட்டது எந்திரம் அல்ல.

சளி டப்பா கொடுக்கும்போது, வராவிட்டால் வரவில்லை என்று வந்து சொல்லலாம், அதில் வெட்கம் இல்லை, வேறு வழி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் என் மனைவி காலையில் தன் வேலையைப் பார்த்திருப்பாள்.

குழாய் அறை எழுத்தர் மீது நடவடிக்கை வேண்டாம். அவர் விதியைப் படிக்கிறார், நன்றாகவே படிக்கிறார். விதியில் இன்னும் இரண்டு வரி சேர்த்துவிட்டால் அதையும் எழுந்து நின்று படிப்பார். என் மனைவி மீதும் நடவடிக்கை வேண்டாம். ஆய்வகத் தம்பி திட்டியது போதும். மிச்சத்தை மருமகள் தினமும் உப்பு கேட்கும் சாக்கில் பார்த்துக்கொள்கிறாள்.

18. இந்த மனுவை அஞ்சலில் போடவில்லை. நேரில் கொண்டு வந்து மாடிப்படிக்குக் கீழே காத்திருக்கிறேன். மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று பழகியவன், எவ்வளவு நேரமானாலும் நிற்பேன். தாங்கள் எனக்குப் பதில் கடிதம் எழுத வேண்டியதில்லை. முன்பு எனக்கு வந்த பதில்களில் ‘ஆவன செய்யப்படும்’ என்ற வரியை மனு எழுதுபவர் படித்துக் காட்டியிருக்கிறார். அழகான வரி. எந்த நாள் என்பது மட்டும் அதில் இருக்காது. தங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று கீழே நானே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். அதில் தேதியை எழுதினால் போதும். கோடு ஒரு தேதி எழுதும் அளவுதான் இருக்கிறது. ‘பிறகு பார்க்கலாம்’ என்று எழுத அதில் இடம் போதாது. எழுதிப் பார்த்து, அளந்துதான் போட்டிருக்கிறேன்.

மருமகளைக் குழாய் அறைக்கு அழைத்து வர வேண்டிய நாள்: ______________

இடம்: எங்கள் வீட்டு முன்னறை, கடைசிப் பத்தி மட்டும் தங்கள் மருத்துவமனை மாடிப்படி.

நாள்: தொடங்கியது போர்வை தேடிய ஒரு திங்கட்கிழமை, முடித்தது விசிறி தேடும் இந்த வெள்ளிக்கிழமை.

படிக்குக் கீழே நிற்கும்,

(கையொப்பம்)
மூட்டைக்காரர்